பூ கேட்க வந்தவர்கள், குழம்பு பார்க்க இருந்தவள்

எதை எழுத உட்கார்ந்தாலும் முதலில் எங்கள் வீதி மாரியம்மனை ஒரு தடவை மனதில் நிறுத்திக்கொள்வது என் பழக்கம். இப்போதும் நிறுத்திக்கொண்டுதான் தொடங்குகிறேன். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடம் இருக்கலாம்.

புதிதாக வலைப்பதிவு தொடங்கியிருக்கும் பிள்ளைகள் நம் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தீர்கள். "அம்மா, வாசகர்களை எப்படி வரவைப்பது? வந்தவர்களை எப்படி இருக்கவைப்பது? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்று. கண்ணில் புரை விழுந்துவிட்டதால் போன தை மாதத்தோடு நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் தட்டிக்கொண்டிருக்கிறாள். "மொதல்ல உங்களுக்குத் தெரியுமான்னு சொல்லுங்க, அப்பறம் நான் தட்டறேன்" என்கிறாள். தெரியாது என்று போட்டுவிடு என்றேன். போட்டுவிட்டாள்.

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். குமாரபாளையத்தில் எங்கள் வீட்டோடு ஒட்டித் தறிக்கொட்டகை. வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. கல்யாணமாகி வந்த புதிதில் நான் கையைக் காட்டித்தான் சாப்பிடக் கூப்பிடுவேன். இப்படியே வருடக்கணக்காகப் பேச்சு எல்லாம் வயிற்றுக்குள்ளேயே தங்கிப் போன ஒருத்திக்கு, மகள் ஒரு நாள் செல்போனில் இடம் பிடித்துக் கொடுத்து "இதுல எழுதுங்கம்மா" என்றாள். நான் எழுதினேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

வாரம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்த பிறகு எழுதுவேன். அம்மனுக்கு என்ன அலங்காரம், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அன்றைக்கு வீட்டில் என்ன குழம்பு. இவ்வளவுதான். வீட்டுக்காரர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஊட்டுல வெச்ச கொழம்ப ஊருக்கே காட்டறயே, திங்க முடியாதவிய பாத்து என்ன பண்ணுவாங்க?"

"நீங்க திங்கறீங்களே, ஒரு நாளாச்சும் நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களா?"

அவர் தறிக்குப் போய்விட்டார்.

அப்போது என்னைப் படித்தவர்கள் ஒரு பந்தியில் உட்காரவைத்து இலை போடுகிற அளவுக்குத்தான். அதில் ஒருவர் கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஐயா. நேரில் பார்த்ததில்லை. சனிக்கிழமை காலையில் அவருடைய கருத்து வந்துவிடும். "தட்டைப்பயறுக்குக் கத்திரிக்காய் போட்டது சரி. புளி குறைத்திருக்கலாம்" என்பார். சாப்பிடாமலே எப்படித் தெரியும் என்று கேட்டால், "எழுதியதிலேயே புளிக்கிறது" என்பார். அவரைத் திட்டிக்கொண்டே அவருக்காகவே எழுதியிருக்கிறேன் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

மகளுக்கு இது போதவில்லை. அம்மாவை ஊரே படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தலைப்பு இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, நான் மிளகு ரசம் பற்றி எழுதியதற்கு "இன்று எங்கள் வீட்டில் நடந்ததைக் கேட்டால் அதிர்ந்துபோவீர்கள்" என்று தலைப்பு வைத்துவிட்டாள். எடப்பாடியில் இருக்கும் என் சின்ன மாமா தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பஸ் ஏறி வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "மாப்ள இருக்காராம்மா?" என்று கேட்டார். மாப்பிள்ளை உள்ளே ரசம் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவும் உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவும்போது மட்டும், "ரசம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அதுருற அளவுக்கு இல்ல" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு முக்கியமான காரியம் என்றால் அம்மனிடம் பூ கேட்போம். வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் ஒரே மாதிரி இலையில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் வைப்பார்கள். எது எதில் இருக்கிறது என்று வெளியே தெரியாது. தீபாராதனை முடிந்ததும் கேட்க வந்தவர் மனதில் கேள்வியை நினைத்து ஒரு மடிப்பை எடுக்க வேண்டும். எங்கள் கோயிலில் வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம். சிவப்பு வந்தால் வேண்டாம் என்கிறாள்.

எங்கள் கோயில் பூசாரி என்னைவிட ரொம்ப இளையவர். வெள்ளி, செவ்வாய் பூசை நேரம் போக மற்ற நேரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார். மடிப்பை எடுக்கும் முன்னால் யாராக இருந்தாலும் ஒரே வார்த்தை சொல்வார்: "நெனப்பு ஒண்ணா இருக்கோணும். ரெண்டு நெனப்போட எடுத்துப்போட்டு, எதுக்கு ஆத்தா பதில் சொன்னான்னு அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது." பஸ்ஸில் டிக்கெட் வாங்கச் சொல்கிற மாதிரி சொல்வார். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொள்வோம்.

மகளுக்கு எடப்பாடியிலிருந்து ஒரு வரன் வந்தபோது பூ கேட்டேன். வெள்ளை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை குழம்போடு சேர்த்து அதையும் எழுதினேன். இலையைப் பிரிக்கும்போது நூல் முடிச்சு அவிழாமல் நான் தடுமாறியதை எழுதினேன். அது எப்படி யார் கைக்குப் போனதோ, யார் யாருக்கு அனுப்பினார்களோ, எனக்குத் தெரியாது. மறுநாள் மகள் செல்போனைப் பார்த்துவிட்டு, "அம்மா, கூட்டம் கூடியிருக்குது" என்றாள். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது வலைப்பதிவை.

கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தார்கள். "அக்கா, எனக்கும் ஒரு பூ கேட்டுச் சொல்லுங்கள்."

வெளிநாட்டில் இருப்பவர்கள், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனவர்கள், லாரியில் இருப்பவர்கள். ஊருக்கு வந்து கோயிலில் நிற்க முடியாதவர்கள். நான் வாராவாரம் போகிறவள்தானே, ஆத்தா வாசலில் ஒருத்தருக்காக நிற்பது புண்ணியம்தானே என்று முதலில் ஒருவருக்குக் கேட்டேன். அடுத்த வாரம் வேறொருவருக்கு. பிறகு வெள்ளிக்கிழமை என்றாலே பூ என்றாகிவிட்டது. நான் எழுதி முடிப்பதற்குள் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். ஒரு பையன், புது வண்டி கருப்பில் வாங்கட்டுமா நீலத்தில் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தான். அம்மன் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. இத்தனை பேர் வருகிறார்களே, அதில் ஒருவனை ஏன் விடுவது என்று நினைத்திருப்பேன்.

கண்டக்டர் ஐயா ஒரு சனிக்கிழமை எழுதினார்: "அம்மா, இந்த வாரமும் குழம்பு பற்றி ஒரு வரிகூட இல்லை." நான் பதில் போடவில்லை. நூறு கருத்துகளுக்கு நடுவில் அது கீழே போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வராததையும் நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

பிள்ளைகளே, அந்தச் சமயத்தில் நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் நான் கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொல்லியிருப்பேன். வாசகரை இழுப்பது எப்படி, தக்கவைப்பது எப்படி, எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் கோகிலாவின் மடல் வந்தது. பெயரை மாற்றியிருக்கிறேன். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பெண். கணவர் ரிக் வண்டி மேனேஜர், ராய்ப்பூரில் குடியிருக்கிறார்கள். ஒரே பையன், இன்னும் சரியாகப் பேச்சு வராத வயது. நெஞ்சில் ஓட்டை. நாலு அடி நடந்தால் உதடு நீலமாகிவிடுகிறது, ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். பச்சைக் குழந்தையின் நெஞ்சைக் கிழிப்பதா, வயது ஏற ஏறத் தானாக மூடிக்கொள்ளும் என்று மாமியார் அழுகிறார். ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமைக்குள் சரியா இல்லையா என்று சொல்ல வேண்டும். "ஆத்தாளிடம் கேட்டுச் சொல்லுங்கள் அக்கா. நீங்கள் சொல்வதைத்தான் செய்வேன்" என்று முடித்திருந்தாள்.

கடைசி வரியை நான் மறுபடி மறுபடி படித்தேன். அது எனக்குப் பெருமையாக இருந்ததா பயமாக இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான்.

செவ்வாய்க்கிழமையே ஒரு சின்னப் பதிவு போட்டேன். பெயர் சொல்லவில்லை. "ஒரு குழந்தையின் உயிருக்காக இந்த வெள்ளி பூ கேட்கப் போகிறேன். எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று மட்டும். அதற்கு வந்த கருத்துகளைப் படித்து முடிக்க முடியவில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் விளக்கு ஏற்றிப் படம் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். அம்மனுக்கு மஞ்சள் காப்பு. பூசாரித் தம்பி இலையை மடித்து வைத்தார். தீபாராதனை காட்டினார். வழக்கம்போல, "நெனப்பு ஒண்ணா இருக்கோணும்" என்றார். எடுத்தேன். பிரித்தேன்.

சிவப்பு.

தூணைப் பிடித்துக்கொண்டேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருநீற்றைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தால் கரண்ட் இல்லை. தறி நின்றிருந்தது. எங்கள் வீட்டில் எப்போதாவதுதான் வாய்ப்பேச்சு காதில் விழும், அது அன்றைக்குத்தானா விழ வேண்டும்?

"பூவு என்ன சொல்லுச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"செவப்பு."

அவர் கையில் இருந்த நூல் கண்டை வைத்துவிட்டார். "அந்தப் புள்ளகிட்டச் சொல்லீட்டியா?"

"இல்லீங்க."

"சொல்லாத."

"ஆத்தா சொன்னத நான் மறைக்கறதுங்களா? அது தப்பில்லீங்களா?"

"அப்பச் சொல்லு."

"சொன்னா அவ ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிப்போடுவா. கொழந்தைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"அப்பச் சொல்லாத."

"ஒண்ணு சொல்லுங்க."

"நானென்ன பூவா? ரெண்டுல ஒண்ணு சொல்றதுக்கு?" என்று கத்தினார். கரண்ட் வந்து தறி ஓட ஆரம்பித்தது. அவர் அதன் பிறகும் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

செல்போனில் கருத்துகள் ஏறிக்கொண்டே இருந்தன. "அக்கா என்ன பூ?" "அக்கா சொல்லுங்க." "வெள்ளைதானே அக்கா?" அதில் கோகிலா ஒன்றும் எழுதவில்லை. அவள் காத்திருக்கிறாள் என்று மட்டும் தெரியும்.

நான் ஆத்தாளை நம்புகிறவள். இன்றைக்கும் அப்படித்தான். பூ வெறும் பூ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடமும் இல்லை. எனக்கு அப்படி இல்லை. வெள்ளை என்று பொய் சொன்னால் அவள் பேரில் பொய் சொன்னவள் ஆவேன். சிவப்பு என்று சொன்னால் ஒரு டாக்டர் காப்பாற்றுகிறேன் என்று சொன்ன குழந்தையை நான் தடுத்தவள் ஆவேன். ஆத்தா குழந்தையை வேண்டாம் என்று சொல்வாளா? சொல்லமாட்டாள். அப்படியானால் சிவப்பு ஏன் வந்தது?

ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். பூசாரித் தம்பி வேட்டியை மாற்றிக் காக்கிச் சட்டையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். மறுபடி பூ கேட்கலாமா என்றேன்.

"வெள்ள வர்ற வரைக்கும் கேப்பீங்களாக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப நான் என்ன தம்பி பண்ணட்டும்?"

"எனக்கென்னக்கா தெரியும்? நான் எலைய மடிச்சு வெக்கறவன். எடுத்தது நீங்க, நெனச்சது நீங்க." அதற்குள் பவானிக்கு ஒரு சவாரி வந்துவிட்டது. "போயிட்டு வந்தர்றேன், நில்லுங்க" என்று பாலத்துப் பக்கம் போய்விட்டார்.

நான் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நினைத்தது நீங்கள் என்றாரே, என்ன நினைத்தேன் என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அந்தக் குழந்தையின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. மடிப்பில் கை வைத்த சமயத்தில் என் மனதில் இருந்தது இது: வெள்ளை வந்துவிட்டால் என்ன தலைப்பு வைப்பது? ஒரு தலைப்பும் தயாராக இருந்தது. நல்ல தலைப்பு. இன்றைக்கும் மறக்கவில்லை, ஆனால் சொல்லமாட்டேன்.

ஆக, ஆத்தா எதற்கு வேண்டாம் என்றாள்? குழந்தைக்கா, என் தலைப்புக்கா?

இது அவள் காட்டிய வழியா, தப்பித்துக்கொள்ள நானே தேடிப் பிடித்த சமாதானமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. சனிக்கிழமைக்குள் கோகிலா பதில் சொல்ல வேண்டும். பூசாரி திரும்பி வரும் வரைகூட நிற்கவில்லை. மடலில் இருந்த எண்ணுக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். அதுதான் முதல் தடவை அவள் குரலைக் கேட்டது. சின்னப் பெண்ணின் குரல். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடுகிற 'சாமி'தான் வாயில் வந்தது.

"சாமி, நான் பூவச் சரியாக் கேக்கல. நீ டாக்டர் சொல்றதக் கேளு" என்றேன்.

"செவப்பு வந்துச்சுங்களாக்கா?" என்றாள்.

பிள்ளைகளே, இப்படி நேராக ஒரு கேள்வி வரும் என்று நான் தயார் செய்துகொள்ளவில்லை.

"ஆமா சாமி. செவப்புத்தான். ஆனா அது உனக்கு வந்தது இல்ல, எனக்கு வந்தது. எடுக்கறப்ப நான் உன்ற பையன நெனைக்கல. என்ற எழுத்த நெனச்சுட்டு நின்னேன். ஆத்தா என்னையத்தான் வேண்டாங்கறா."

"இதெப்படிங்கக்கா? நான் கேட்டதுக்கு உங்களுக்கு எப்படி வரும்?"

"தெரியல சாமி."

"என்னங்கக்கா இப்படிச் சொல்றீங்க? உங்கள நம்பித்தானே..." அவள் அழ ஆரம்பித்தாள். பின்னால் ஒரு குழந்தை மழலையில் என்னவோ கேட்டது. போன் நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எழுதினேன். குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இனி யாருக்காகவும் நான் பூ கேட்கமாட்டேன். வேண்டியவர்கள் ஊருக்கு வரும்போது நேரில் வந்து, அவர்களே நினைத்து, அவர்களே எடுக்கட்டும். இன்று பச்சைப்பயறு கடைந்தேன். ஆற்றில் தண்ணீர் குறைவு." இவ்வளவுதான் எழுத முடிந்தது.

வந்த வசவுகளைச் சொன்னால் இந்தக் குழுவில் இருக்கும் சின்னப் பெண்களுக்கு நல்லதல்ல. குழந்தைக்கு என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். எங்கள் பூ என்ன ஆச்சு என்று கேட்டவர்கள் அதிகம். கருப்பு வண்டிக்காரப் பையன் மட்டும், "பரவால்லக்கா, வண்டி நல்லா ஓடுது" என்று எழுதிவிட்டுப் போனான். நாலைந்து வாரத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. வந்தது எப்படி என்று தெரியாத மாதிரியே போனது எப்படி என்றும் தெரியவில்லை. கண்டக்டர் ஐயா திரும்பி வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் என்ன ஆனார் என்று விசாரிக்கவும் எனக்கு வழி இல்லை, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் தேதி குறித்திருந்த அன்று பகல் முழுக்கக் கோயிலில் இருந்தேன். விளக்குப் போட்டேன். அவள் ஆபரேஷனுக்குச் சம்மதித்தாளா, மாமியார் பேச்சைக் கேட்டாளா, குழந்தை இருக்கிறதா, ஒன்றும் தெரியாது. மறுநாள் ஒரு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அதன் பிறகு போட எனக்குத் தைரியம் இல்லை. எடுத்து அவள் என்ன சொல்வாளோ என்ற பயம்.

என் பக்கத்தின் ஓரத்தில் மகள் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தாள். எந்த ஊரிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள் என்று அதில் தெரியும். கூட்டம் இருந்தபோது நான் அதைப் பார்த்ததில்லை. கூட்டம் போன பிறகுதான் பார்த்தேன். சேலம், ஈரோடு என்று ஒன்றிரண்டு. அப்புறம் ராய்ப்பூர்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் ராய்ப்பூர். அதற்கு அடுத்ததும்.

ராய்ப்பூரில் எங்கள் பக்கத்து ரிக் ஆட்கள் ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். அது வேறு யாராகவும் இருக்கலாம் என்று மகள் சொன்னாள். இருக்கலாம். ஆனால் நான் அந்த ஒரு ஊருக்காகத்தான் எழுதினேன். என்ன எழுதுவது? மன்னிப்பா? விளக்கமா? மகள், "அன்னைக்கு நடந்ததை அப்படியே எழுதுங்கம்மா, போனவங்க எல்லாரும் திரும்பி வருவாங்க" என்றாள். வருவார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் அது அந்தப் பெண்ணின் வேதனை. அதை எடுத்து என் இலையில் பரிமாற மனது வரவில்லை. அதனால் ஆற்றில் தண்ணீர், அம்மன் அலங்காரம், குழம்பு. வாராவாரம் அதே. எழுதி முடித்து அனுப்பியதும் விளக்கைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அந்தப் பெட்டியைப் பார்ப்பேன். ராய்ப்பூர் வந்திருக்கும். திட்ட வருகிறதா, அழ வருகிறதா, எதற்கு வருகிறது? ஒரு கருத்தும் இல்லை. வரும், பார்க்கும், போகும்.

ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு வந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், வாசலில் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு பையன். தறிச் சத்தத்துக்கு அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். அவள் வாய் அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை. நான் கையைக் காட்டி உள்ளே வரச் சொன்னேன். சமையலறைக் கதவைச் சாத்திய பிறகுதான் குரல் கேட்டது. போனில் ஒரே ஒரு தடவை கேட்ட குரல்.

"ராய்ப்பூருங்கக்கா. கோகிலா."

பையனை இறக்கிவிட்டாள். அவன் நேராக என் உப்பு ஜாடிக்கு ஓடினான். நான் அவன் உதட்டைத்தான் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. சட்டைப் பித்தானுக்கு மேலே தழும்பின் நுனி தெரிந்தது.

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"செவப்பு வந்தும் எப்படி சாமி துணிஞ்சே?" என்று கேட்டேன்.

"துணியலீங்கக்கா. அவருதான் சொன்னாரு. பூ தனக்கு வந்துச்சுன்னு அந்த அக்காளே சொல்லுதே, அப்பறம் நம்மளுக்கென்னன்னு. எனக்கு அது வெளங்கவே இல்ல. இன்னமும் வெளங்கலைங்க. பையன உள்ள கொண்டுட்டுப் போற வரைக்கும் உங்களத் திட்டிட்டே இருந்தேன்."

"பொறகு ஏன் வாராவாரம் வந்து படிச்சே?"

"கோவத்துல வந்தேனுங்க" என்றாள். "செவப்பு வந்தது தப்பு, மன்னிச்சுருன்னு என்னைக்காவது எழுதுவீங்களான்னு பாக்க வந்தேன். நீங்க எழுதவே இல்ல. கொழம்பத்தான் எழுதுனீங்க. எம்பையன் உசுருக்குக் கெடக்கறான், இந்தம்மா கத்திரிக்கா வதக்குதேன்னு செல்போனத் தூக்கி எறிஞ்சிருக்கறேன். அடுத்த வாரமும் வந்தேன். அப்பவும் கொழம்பு. அப்பறம் ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு, இந்த வாரம் என்ன கொழம்பா இருக்கும்னு நெனச்சுட்டிருந்தேன். எப்ப மாறுச்சுன்னு தெரியலீங்கக்கா."

இதுதான் நீங்கள் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த ஒரே பதில். இதை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. வாசகரைக் கோபப்படுத்துங்கள் என்று சொல்ல முடியுமா? குழம்பு எழுதுங்கள் என்று சொல்ல முடியுமா? கோபத்தில் வந்தவள் இருந்துவிட்டாள். அன்பாக வந்த கண்டக்டர் ஐயாவை நான் இழந்துவிட்டேன். இதில் எது பாடம்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். எழுதும்போது நினைப்பு ஒன்றாக இருக்கட்டும். அதுவும் என் வார்த்தை இல்லை, ஆட்டோ ஓட்டுகிற ஒருவருடையது.

கோகிலாவைக் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். பையன் பேரில் அர்ச்சனை செய்தோம். பூசாரித் தம்பி, "பூ கேக்கறீங்களாக்கா?" என்றார். அவள் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வேண்டாங்க, இப்பக் கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள். வீட்டுக்கு வந்து இலை போட்டேன். கொள்ளுக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். பையனுக்குப் பருப்பும் நெய்யும். வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். கிளம்பும்போது அவள், "அக்கா, நாங்க வந்தத எழுதீராதீங்க" என்றாள். சரி என்றேன். இந்தக் குழுவுக்குச் சொல்லலாம் என்று அவள் சம்மதித்தது இப்போதுதான்.

என் எழுத்து வாழ்க்கையிலேயே பெரிய பதிவு அது. ஊரே திரும்பி வந்திருக்கும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எழுதியது இது: "ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அம்மனுக்கு வேப்பிலைப் பாவாடை. இன்று கொள்ளுக் குழம்பு. வெளியூரிலிருந்து வீட்டுக்கு ஒறம்பரை வந்திருந்தார்கள். குழம்பு நன்றாக அமைந்தது."

பெட்டியைப் பார்த்தேன். மூன்று நான்கு ஊர்கள். ராய்ப்பூர் இல்லை, அவள் இன்னும் ரயிலில் இருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கருத்து வந்திருந்தது. அத்தனை மாதம் ஒரு வார்த்தையும் எழுதாமல் வந்து பார்த்துவிட்டுப் போனவள் எழுதிய முதல் கருத்து:

"நன்றாக அமைந்தது என்று எழுதிவிட்டீர்களே அக்கா. உப்புத் தூக்கலாக இருந்தது. அடுத்த வாரம் பார்த்துப் போடுங்கள்."